ஹக்கீம் அஜ்மல் கான்

பாலாற்றங்கரை ஊர்களிலே ஹக்கீம் என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்பார் இலர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முதலிய தோல் வியாபாரத் தலங்களில் யூனானி வைத்தியம் நெடுங்காலமாய் அறியப்பட்ட ஒன்றாகும். நோயாளியின் மணிக்கட்டில் விரல்களை வைத்து, கண்ணை மூடிச் சிறிது நேரம் மௌனமாயிருந்து, பின்னர் நோய் இன்னதென்று கூறும் முறை அவ்வைத்தியத்துக்கு உயிர்நிலை. நம் சித்த வைத்தியரும் அவ்வாறே நாடி பார்ப்பர். இவ்விரு திறத்தாரையும் பற்றி நம் மாணவரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு சாரார், முன்னோர் அறியாதது ஒன்றுமில்லை என்பர்; மற்றொரு சாரார், முன்னோர் அறிந்தது ஒன்றுமில்லை என்பர். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழியைக் கண்டு, அதன்பொருட்டுத் தம் பொருளையும் உடல் நலத்தையும் செலவிட்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுத முற்பட்டோம். அவர் டில்லி நகரத்து ஹக்கீம் அஜ்மல் கான். இருதயத் துடிப்பின் தாளம் தவறும் நோய்களைக் கண்டறிதற்கும் தணித்தற்கும் பயன்படும் மருந்தொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது என்பதை அறிந்தோர் நம் நாட்டில் மிகச் சிலரே.

அஜ்மல் கான் 1868-ம் வருஷம் பிப்ரவரி மாதம் டில்லியில் பிறந்தார். அவருடைய முன்னோர் மொகலாய மன்னர்களுக்கு வைத்தியம் செய்தவர்கள். அக்குலத்துப் பெரியாராகிய ஹக்கீம் ஷெரீப் கான் பெயரால் பல்லிமாரான் என்னும் தெருவில் எழுந்த ஷெரீப் மன்ஸில் என்னும் மாளிகையே அவர்கள் இல்லமும் வைத்தியசாலையுமாக விளங்கிற்று. தந்தையார் ஹக்கீம் மஹ்மூத் கானும், தமையன்மார் இருவரும் வைத்தியத்தில் பேர் பெற்றவர்கள். இத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வேறு தொழில் நினைவில் தோன்றவும் இடமில்லை. இளமையிலேயே குர்ஆனை மனப்பாடம் செய்து, அரபு, பாரசீக மொழிகளைக் கற்று, பின்னர் குல வித்தையாகிய வைத்தியத்தைக் குடும்பத்தாரிடமே பயின்றார். உருது, பாரசீகம் இரண்டிலும் ஷைதா என்னும் புனைபெயரால் கவி பாடும் ஆற்றலும் அவருக்கு இருந்தது.

யூனானி என்னும் சொல்லே கிரேக்க நாட்டைக் குறிப்பது. ஹிப்பொக்கிரட்டிஸ், காலென் என்னும் கிரேக்க ஆசிரியர்களின் நூல்கள் அரபு மொழியிற் பெயர்க்கப்பட்டு, இப்னு ஸீனா முதலிய பேரறிஞர்களால் விரிவு பெற்று, பாரசீகத்தின் வழியாக இந்தியா வந்து சேர்ந்தன. அந்நூல்களில் நாடியைப் பற்றிய பகுதி மிக நுட்பமானது. நாடியின் நீளம், அகலம், உயரம், விசை, வேகம், இரண்டு துடிப்புக்கு இடையிலுள்ள ஓய்வு, ஒழுங்கு, ஒழுங்கின்மை முதலாகப் பத்து வகையில் அதனை ஆராய வேண்டும் என்பது இலக்கணம். ஒழுங்கற்ற நாடிகளுக்கு இட்ட பெயர்களோ காவியம் போன்றவை: மான் துள்ளுவது போன்ற நாடி, எறும்பு ஊர்வது போன்ற நாடி, அலை போன்றது, எலியின் வால் போல வரவர மெலிவது என்றெல்லாம் வகுத்தனர். நம் சித்தர் மரபிலும் வாத நாடிக்கு அன்னமும் மயிலும், பித்த நாடிக்கு ஆமையும் அட்டையும், ஐய நாடிக்குத் தவளையும் பாம்பும் உவமையாக வருதலை நாம் அறிவோம். ஒழுங்கின்மையிலும் ஓர் ஒழுங்கு உண்டு, ஒழுங்கே இல்லாத ஒழுங்கின்மையும் உண்டு என்று அரபு நூலார் பிரித்தனர். இப்பிரிவு இன்றைய இருதய மருத்துவரும் படுக்கையருகில் நின்று முதலாவது கவனிக்கும் பிரிவாகும். ஒரு துடிப்பு முந்தி வந்து அடுத்ததில் சிறு இடைவெளி விழுவது வேறு. மேலறைகள் நடுங்குதலால் எந்த இரண்டு துடிப்பும் ஒத்து வாராமல் நாடி சிதறி ஓடுவது வேறு.

ஆயினும் விரலுக்கு ஓர் எல்லை உண்டு. துடிப்பு தவறுகிறது என்று விரல் கூறும். எந்த அறையில், எந்த வழியில் தவறு பிறக்கிறது என்று கூறமாட்டாது. ஜாவாத் தீவின் ஸெமராங் நகரத்தில் பிறந்த டச்சுக்காரராகிய வில்லெம் ஐந்தோவன், இருதயத்தில் எழும் நுண்ணிய மின்னோட்டத்தை மெல்லிய இழை ஒன்றின் அசைவினால் பதிவு செய்யும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்து, 1924-ல் நோபெல் பரிசு பெற்றார். இ.சி.ஜி. என்று இன்று நம் சிற்றூர்களிலும் வழங்கும் பரிசோதனை அதன் வழித் தோன்றியதே. அஜ்மல் கான் டில்லியில் நாடி பார்த்த காலமும், ஐந்தோவன் லைடன் நகரத்தில் இழையைச் சீர் செய்த காலமும் ஒன்றே. இருவரும் இறந்ததும் 1927-ம் வருஷத்திலேயே.

1892-ல் இராம்பூர் நவாபு அஜ்மல் கானைத் தம் தலைமை வைத்தியராக நியமித்தார். அங்கிருந்த நாட்களில் அவர் புகழ் வட இந்தியா எங்கும் பரவிற்று. பிற்பாடு டில்லிக்கு மீண்டு, தமையன்மார் காலஞ்சென்றபின் குலத்தின் வைத்தியசாலையும், தமையனார் தொடங்கிய வைத்தியப் பள்ளியும் அவர் பொறுப்பில் வந்தன. முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொல்லுவார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டனர். புகழ் பெற்ற வைத்தியர் எவரைப் பற்றியும் ஜனங்கள் இவ்வாறு பேசுவது வழக்கம். ஆதலின் இதனை நாம் பெரிதாகக் கொள்ளவேண்டியதில்லை. அவர் வாங்கிய கட்டணத்தின் முறையே நமக்கு அவரை அதிகமாய் விளக்குகின்றது. டில்லிக்கு வெளியே செல்வதானால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் கேட்பார். அக்காலத்து ஆயிரம் ரூபாய் சமஸ்தானாதிபதிகளுக்கே இயலும் தொகை. டில்லிக்குத் தம்மைத் தேடி வந்தவர் எவராயினும், ராஜாவாயினும் சுமை கூலிக்காரராயினும், ஒரு காசும் வாங்குவதில்லை. செல்வரிடம் பெற்றது எங்கே சென்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1911-ல் அவர் லண்டன் முதலிய ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்று ஆஸ்பத்திரிகளையும் மருத்துவக் கலாசாலைகளையும் கண்டு வந்தார். லண்டனில் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் நிகழ்ந்ததாகப் பலரும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஸ்டான்லி பாய்டு என்னும் பேர்பெற்ற ரண வைத்தியர், ஒரு நோயாளிக்குப் பித்தப்பையில் கோளாறு என்று கருதினாராம். அஜ்மல் கான் கையால் தொட்டுப் பார்த்து, குடலின் தொடக்கப் பகுதியில் புண் என்றாராம். மறுநாள் வயிற்றைத் திறந்தபொழுது ஹக்கீம் சொன்னதே மெய்யாயிற்று என்றும், தோற்ற ரண வைத்தியர் அவரை விருந்துக்கு அழைத்தார் என்றும் கதை முடிகின்றது. இதைச் சொல்லுவோர் யூனானியின் வெற்றியாகச் சொல்லுவர். நமக்கோ வேறொன்று புலனாகின்றது. வயிற்றைத் திறந்து பார்த்ததனால் அன்றோ ஹக்கீம் சொன்னது சரியென்று தெரிந்தது! திறந்து பார்க்கும் வித்தை அவர் நாட்டு வைத்தியப் பள்ளிகளில் அன்று இல்லை. ஊர் திரும்பிய பின் அவர் செய்தவற்றை நோக்குமிடத்து, அவரும் இதனையே உணர்ந்தார் என்று கருத இடமுண்டு.

அக்காலத்தில் நாட்டு வைத்தியத்தின் நிலை நெருக்கடியானது. 1912-ல் பம்பாய் மாகாணத்திலும், 1914-ல் நம் சென்னை மாகாணத்திலும் மருத்துவர் பதிவுச் சட்டங்கள் ஏற்பட்டன. மேல்நாட்டு மருத்துவம் கற்றவர்களே பதிவு பெறலாம். பதிவு பெற்ற டாக்டர் நாட்டு வைத்தியரோடு கூடித் தொழில் நடத்தினால் பதிவை இழக்க நேரிடும் என்னும் அச்சம் எங்கும் எழுந்தது. அஜ்மல் கான் 1910-லிருந்தே இத்தகைய சட்டத்தை எதிர்த்து ஹக்கீம்களையும் ஆயுர்வேத வைத்தியர்களையும் ஒரே மகாநாட்டில் கூட்டினார். முஸ்லிம்கள் யூனானியையும் இந்துக்கள் ஆயுர்வேதத்தையும் தத்தம் மதச் சொத்துப்போலக் கருதிய காலத்தில் இது எளிய காரியமன்று. நம் மாகாணத்திலும் இதன் எதிரொலி கேட்டது. 1921-ல் முகம்மது உஸ்மான் அவர்கள் தலைமையில் நாட்டு வைத்தியம் பற்றி ஆராயச் சென்னை அரசாங்கம் ஒரு கமிட்டியை நியமித்தது. 1923-ல் அதன் அறிக்கை வெளிவந்தது. சில ஆண்டுக்குள் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் பள்ளி சென்னையில் எழுந்தது.

இங்கே நம் வேலூர்க்காரர் கவனிக்கத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. இராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், ஆண் மருத்துவரிடம் காட்ட வீட்டார் இசையாமையால் பிரசவத்தில் மூன்று பெண்கள் ஒரே இரவில் மாண்டதைக் கண்டு மருத்துவம் கற்கச் சென்ற வரலாறு நம்மூரில் குழந்தைகளுக்கும் தெரியும். அம்மையார் 1918-ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அஜ்மல் கான் டில்லியில் 1909-லேயே பெண்களுக்கென ஒரு வைத்தியப் பள்ளியை ஏற்படுத்தி, மருத்துவச்சிகளுக்குச் சுத்தமான பிரசவ முறைகளைக் கற்பிக்கச் செய்தார். பர்தாவுக்குட்பட்ட குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் ஒரே துன்பத்தைக் கண்டு ஒரே மருந்தை நாடினர்.

வைத்தியப் பள்ளியைப் பெருங்கலாசாலையாக்குவதே அவர் தம் வாழ்நாளின் பெருமுயற்சி. டில்லியில் கரோல் பாக் என்னுமிடத்தில் 1916-ம் வருஷம் மார்ச்சு மாதம் இராஜப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு அதற்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். 1921-ம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதி மகாத்மா காந்தி அதனைத் திறந்து வைத்தார். கல்லை நாட்டியவர் ஆங்கிலேய ஆட்சியின் தலைவர், கதவைத் திறந்தவர் அவ்வாட்சியோடு ஒத்துழைக்க மறுத்தவர் என்றால், இடையிலுள்ள ஐந்தாண்டுகளில் நாடும் அஜ்மல் கானும் எவ்வளவு தூரம் நடந்தனர் என்பது விளங்கும். காந்தியடிகள் அன்று பேசியபோது நாட்டு வைத்தியத்தைப் புகழ்ந்து மாத்திரம் போகவில்லை. மேல்நாட்டு விஞ்ஞானிகளிடம் காணப்படும் ஆராய்ச்சித் தாகம் நம் ஹக்கீம்களிடமும் வைத்தியர்களிடமும் இல்லை என்று வெளிப்படையாகவே வருந்தினார். அழைத்து வந்தவர் மனம் நோகுமே என்று அவர் தயங்கவில்லை, அழைத்தவரும் நோகவில்லை, ஏனெனில் அக்குறையைப் போக்கவே அவர் அக்கலாசாலையைக் கட்டினார்.

அங்கே யூனானியும் ஆயுர்வேதமும் அடுத்தடுத்த அறைகளில் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு உடற்கூறு, ரண சிகிச்சை, இரசாயனம் முதலிய மேல்நாட்டுப் பாடங்களும் சேர்க்கப்பட்டன. இதனால் இரு பக்கமும் அவருக்குப் பகை விளைந்தது. இது யூனானியைக் கலப்படம் செய்வதாகும் என்று ஹக்கீம்களில் சிலர் சினந்தனர். செத்த சாஸ்திரத்துக்கு உயிரூட்ட முயலுகிறார் என்று மேல்நாட்டு மருத்துவம் கற்றோரிற் சிலர் நகைத்தனர். செல்வரிடம் வாங்கிய ஆயிரங்களும், அவர் நடத்திய இந்துஸ்தானி தவாகானா என்னும் மருந்துச்சாலையின் வருமானமும் இக்கலாசாலைக்கே சென்றன.

அவருடைய அரசியல் வாழ்வு தனி நூலாக விரியத்தக்கது. நாம் விரைந்து செல்வோம். காங்கிரஸ், முஸ்லிம் லீக், கிலாபத் இயக்கம் மூன்றிலும் தலைமைப் பதவி வகித்தவர் அவர். 1921-ல் சித்தரஞ்சன தாஸர் சிறைப்பட்டமையால் ஆமதாபாத்துக் காங்கிரஸில் அவருக்குப் பதிலாகத் தலைமை தாங்கினார். 1920-ல் அலிகாரில் தோன்றிய ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்னும் தேசியக் கலாசாலைக்கு முதல் வேந்தராகி, அது பணமின்றி மூடும் தறுவாயில் இருந்தபோது 1925-ல் டில்லிக்குக் கொணர்ந்து, தம் கைப்பொருளைக் கொடுத்துக் காத்தார். அரசாங்கம் அளித்திருந்த ஹாஸிக்-உல்-முல்க் என்னும் பட்டத்தை 1920-ல் அவர் துறந்தபொழுது ஜனங்கள் அவருக்கு மஸீஹ்-உல்-முல்க் என்று வேறொரு பட்டம் சூட்டினர். மஸீஹ் என்பது நம் வேதாகமத்தில் மேசியா என வழங்கும் சொல்லே. நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கிய இயேசுவை முஸ்லிம் மரபும் போற்றுதலால், தேர்ந்த வைத்தியரை அப்பெயரால் அழைப்பது அவர்கள் பேச்சு வழக்கு. மிஷன் கலாசாலையிற் பயிலும் நமக்கு இச்செய்தி இனிமை தருவதாகும்.

இத்தனை காரியங்களையும் சுமந்தவரின் இருதயம் வலிமையுள்ளதன்று. அவர் இருதய நோயினால் வருந்தினார். ஓய்வு எடுத்துக்கொள்ளும்படி பிறருக்குக் கூறும் வைத்தியர், தமக்கு அதனைக் கூறிக்கொள்ளவில்லை.

தம் கடைசி ஆண்டுகளில் அவர் மனத்தை ஆட்கொண்ட எண்ணம் ஒன்றே: நம் மூலிகைகளை நவீன இரசாயன முறையால் பிரித்து ஆராய ஒரு சாலை வேண்டும். அதற்கு ஆள் எங்கே? ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டு நகரத்தில் இரசாயனம் பயின்று 1927-ல் டாக்டர் பட்டம் பெற்ற ஸலீமுஸ்ஸமான் ஸித்திகி என்னும் இளைஞரை அவர் தேர்ந்தெடுத்தார். லக்னோ பக்கத்துக் குடும்பத்தினராகிய ஸித்திகி சித்திரம் தீட்டுவதிலும் வல்லவர். பிராங்க்பர்ட்டில் தம் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தவர். இத்தகைய கலைஞரிடம் அரைத்த வேரையும் கொதிகலத்தையும் ஒப்படைக்க ஒரு முதிய ஹக்கீம் துணிந்தது, ஆளை நாடி பிடித்தறியும் திறமையேயாகும்.

ஆனால் ஆராய்ச்சிச் சாலை வேர்விடுவதை அவர் காணவில்லை. 1927-ம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி அஜ்மல் கானை அவருடைய இருதய நோய் கொண்டு சென்றது. பணம் திரட்டித் தந்தவரும், பகைத்தவரைச் சமாதானம் செய்தவரும் ஒருங்கே மறைந்தமையால் திப்பியா கலாசாலையும் ஜாமியாவும் திகைத்து நின்றன. ஸித்திகி மட்டும் போகவில்லை. சாலையின் முதல் தலைவராக 1940 வரையில் அங்கேயே இருந்து உழைத்தார்.

அவர் கையில் எடுத்த முதல் மூலிகைகளில் ஒன்று சர்ப்பகந்தி. ரௌவுல்பியா ஸெர்பென்டினா என்பது அதன் சாஸ்திரப் பெயர். பதினாறாம் நூற்றாண்டில் கீழ்நாடுகளில் சுற்றிய ஜெர்மன் வைத்தியர் ரௌவுல்பு என்பவரின் ஞாபகமாக இடப்பட்டது. இச்செடியின் வேரைப் பாம்புக்கடிக்கும், காய்ச்சலுக்கும், சித்தப் பிரமைக்கும் நம் நாட்டார் நெடுங்காலம் உபயோகித்து வந்தனர். பீகார் பக்கத்தில் இதற்குப் பைத்திய மருந்து என்றே பெயர்.

நம் ஊர் உவமை ஒன்றால் ஸித்திகியின் வேலையை விளக்கலாம். ஆம்பூர்த் தோல் ஷாப்புகளில் முற்காலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்த நீரில் தோலைப் பதப்படுத்தினர். பட்டை தோலைப் பதப்படுத்தும் என்பது தொழிலாளிக்குத் தெரியும். பட்டையிலுள்ள எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பது தெரியாது. துவர்ப்புச் சத்தே அது என்று இரசாயனியார் பிரித்துக் காட்டிய பின்னரே, எந்தப் பட்டையில் எவ்வளவு சத்து, எத்தனை நாள் ஊறவேண்டும் என்று கணக்கிட முடிந்தது. தோலுக்குத் துவர்ப்பு குறைந்தால் தோல்தான் கெடும். மருந்தில் சத்து மிகுந்தால் ஆளே போய்விடுவான். ஒரே வேர் ஓர் ஊரில் விளைந்தால் வீரியம் அதிகம், வேறோர் ஊரில் குறைவு என்னும் நிலையில், கிள்ளி எடுத்த தூளை நம்பி இருதயத்துக்கு மருந்து கொடுப்பது எங்ஙனம்?

1931-ல் ஸித்திகி தம் துணைவருடன் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஐந்து சத்துக்களைத் தனித்தனியே பிரித்து அறிவித்தார். அவற்றுள் மூன்றுக்கு அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிஸின் என்று தம்மை அழைத்து வந்தவரின் பெயரையே இட்டார். மற்ற இரண்டுக்கும் செடியின் பெயரிலிருந்து ஸெர்பென்டின், ஸெர்பென்டினின் என்று பெயர் சூட்டினார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இருதயத்தின் தாளக் கோளாறுக்குச் சர்ப்பகந்தி மருந்து என்று பழைய வைத்தியர் கண்டிருந்தனர் என்று பெருமை பேசுவது உண்மைக்குப் பொருந்தாது. அவர்கள் அதனை வேறு நோய்களுக்கு வழங்கினர். ஸித்திகியும் அதனை எதிர்பார்த்து வேரை அரைக்கவில்லை. அவ்வேரின் கதை பின்னும் பல திருப்பங்கள் உடையது. இரத்தக் கொதிப்பை அது தணிக்கிறது என்று 1931-லேயே கல்கத்தாவில் கணநாத் ஸென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் டாக்டர்கள் எழுதினர். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இருதய மருத்துவப் பத்திரிகையில் அதனை உலகறியச் செய்தார். 1952-ல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்தார் அவ்வேரிலிருந்து ரெஸர்பின் என்னும் சத்தைப் பிரித்தனர். அஜ்மலினோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெயரளவில் நூல்களில் கிடந்தது. 1950-களின் இறுதியிலேதான், தாளம் தவறிய இருதயத்தை அது நேர்படுத்த வல்லது என்பது ஜெர்மனியில் வெளியாயிற்று.

அது செய்வது யாது? இருதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் மேல் வலப்புறத்துள்ள சிறு திசு ஒன்றிலிருந்து மின்தூண்டல் புறப்பட்டு, மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஒரே வழியாகக் கீழறைகளை அடைகின்றது. உயிரணுக்களின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் உட்புகுதலே இவ்வோட்டத்தின் தொடக்கம். அஜ்மலின் அவ்வாயில்களை மட்டுப்படுத்துகிறது, ஓட்டம் தாமதப்படுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இரண்டாவது குறுக்குவழி ஒன்று இருக்கும். 1930-ல் வுல்பு, பார்க்கின்ஸன், வைட் என்னும் மூவர் இதன் அடையாளத்தை வருணித்தனர். துடிப்பு இவ்வழியாகச் சுழன்றோடும்பொழுது நாடி எண்ண முடியாத வேகம் கொள்ளும். நரம்பின் வழியே செலுத்தும் அஜ்மலின் அக்குறுக்குவழியை அடைத்துச் சுழற்சியை நிறுத்தும் ஆற்றலுடையது. இன்று அக்குறுக்குவழியையே மெல்லிய குழாய் செலுத்திச் சுட்டு நீக்கும் சிகிச்சை வந்துவிட்டமையால், மருந்தின் தேவை குறைந்தது.

ஆனால் வேறொரு பணி அதற்குக் காத்திருந்தது. 1992-ல் புருகாடா குலத்துச் சகோதரராகிய பெத்ரோ, ஜோஸெப் என்னும் ஸ்பானிய மருத்துவர் இருவர், எட்டு நோயாளிகளின் இ.சி.ஜி. படங்களில் விசித்திரமான ஒரே வளைவைக் கண்டு எழுதினர். இந்நோயுடையோர்க்கு இருதயத்தின் அமைப்பில் யாதொரு பழுதும் காணப்படாது. உழைக்கும் வயதுள்ள ஆடவர் இரவு உண்டு படுத்தவர், காலையில் எழுந்திருப்பதில்லை. பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, ஜப்பான் தேசங்களில் பிசாசு அமுக்கியது என்றும் வேறு விதமாகவும் முற்காலத்தில் பேசப்பட்ட உறக்கச் சாவுகளுள் பல இந்நோயினால் நேர்ந்தவை என்று பின்னர் அறியப்பட்டது. சோடியம் வாயிலின் பிறவிக் குறையே பலரிடத்தில் காரணம். கொடுமை யாதெனில், அவ்வளைவு எப்பொழுதும் படத்தில் தோன்றுவதில்லை. காய்ச்சல் கண்டபோது தோன்றி, பிறகு மறைந்து விடும். மாண்டவனின் தம்பிக்கும் மகனுக்கும் அக்குறை உண்டா இல்லையா என்று எப்படி அறிவது?

இங்கேதான் ஹக்கீமின் பெயர் தாங்கிய மருந்து வருகின்றது. ஆஸ்பத்திரிப் படுக்கையில், மார்பில் மின்கம்பிகளைப் பொருத்தி, ஆபத்து நேர்ந்தால் காக்கவேண்டிய கருவிகளை அருகே வைத்துக்கொண்டு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில் அஜ்மலினைச் சில நிமிஷங்களில் மெல்ல மெல்ல நரம்பில் செலுத்துவர். ஏற்கெனவே குறையுள்ள வாயில்கள் மேலும் அடைபட, ஒளிந்திருந்த வளைவு படத்தில் எழும்பும். உடனே மருந்தை நிறுத்துவர். அஜ்மலின் உடலில் நெடுநேரம் தங்குவதில்லை, விரைவில் நீங்கிவிடும். அதனாலேயே இப்பரிசோதனைக்கு அது உகந்தது. நோய் உண்டென்று தெரிந்து, ஆபத்தும் மிகுதி என்று கண்டால், இருதயம் நடுங்கத் தொடங்கியதும் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் சிறு கருவியை மார்பின் தோலுக்கடியில் பதிப்பர். சிலருக்கு க்வினிடின் என்னும் மருந்தும் உதவும். அதுவும் மரப்பட்டையிற் பிறந்ததே. நம் நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயிரிடத் தொடங்கிய சின்கோனாவின் சத்து அது. ஒரு வேர் நோயைக் காட்டிக் கொடுக்க, ஒரு பட்டை அதனைத் தடுக்கின்றது. நாட்டு மருந்துக்கடையில் சர்ப்பகந்தித் தூளை வாங்கி உண்டால் இப்பயன் கிட்டுமோ என்று எவரேனும் கேட்பாராயின், கிட்டாது என்பது மட்டுமன்று, உயிருக்கே கேடு நேரலாம் என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அஜ்மல் கான் இரசாயனியைத் தேடிச் சென்றதன் காரணமும் இதுவே.

ஸித்திகி 1951-ல் பாகிஸ்தானுக்குச் சென்று, அங்கும் ஆராய்ச்சிச் சாலைகளை நிறுவி, 1994-ல் கராச்சியில் தொண்ணூற்றாறு வயதில் காலமானார். கரோல் பாக்கில் திப்பியா கலாசாலை இன்றும் ஆயுர்வேதத்தையும் யூனானியையும் சேர்த்தே கற்பித்து வருகின்றது. அதற்கு முன்னுள்ள வீதிக்கு அஜ்மல் கான் வீதி என்று பெயர். அது இப்பொழுது டில்லியின் பெரிய கடைவீதிகளில் ஒன்று. துணியும் செருப்பும் வாங்குவோர் கூட்டம் மாலைதோறும் அங்கே நிரம்பி வழிகின்றது.